குறுக்குப் பாதைக்கு வந்த நீதிமன்றம்

சட்டம் என்ற சொல் பெரியாயிக்குச் சின்ன வயதிலேயே அறிமுகம். ஆனால் அதை அவள் ஒரு வசவாகத்தான் அறிந்திருந்தாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், "இந்தா வந்துட்டா சட்டம் பேச" என்பார் கணக்கப்பிள்ளை. வீட்டில் அப்பாவின் சோற்றுக் கோப்பையில் விழுகிற மீன் துண்டு மற்றவர்கள் கோப்பையில் ஏன் விழுவதில்லை என்று கேட்டால், "சட்டம் பேசாம சாப்பிடுடி" என்று அம்மாவே வாயை அடைப்பாள். மேல் டிவிசனில் பிறந்தவள், அதே சவுக்குமலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் வாழ்க்கைப்பட்டாள். அவள் மாமியார் நாலு பேர் கூடுமிடத்தில் சொல்லிப் பெருமைப்பட்டது இதைத்தான்: "எம் மருமக சட்டம் பேசத் தெரியாதவ." அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே பெரியாயியின் பாதி ஆயுள் கழிந்தது.

அவளுடைய அப்பா எந்த நாட்டையும் சேராதவராக இருந்து செத்துப் போனார். இந்தியா அவரைக் கணக்கில் எடுக்கவில்லை, இலங்கையும் எடுக்கவில்லை. பெரியாயிக்கு அடையாள அட்டை கிடைத்தபோது தலையில் நரை விழத் தொடங்கியிருந்தது. கொழும்பில் ஏதோ சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள், அதனால்தான் கிடைத்தது என்று கிராம சேவகர் விளக்கிச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அட்டை கிடைத்ததற்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. அட்டை வந்ததால் வங்கியில் கணக்குத் திறக்க முடிந்தது. பால் சங்கத்தில் அங்கத்தவராக முடிந்தது. சங்கத்தின் வழியாக ஒரு கிடாரி வந்தது. அது வளர்ந்து, கன்று போட்டு, செவலை என்ற பெயரோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நின்று அசைபோட்டது. புருசன் இறந்த பிறகு, பெரியாயி காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுப்பதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் அடுப்பு எரிந்தது செவலையால்தான். மகள் சுபாஜினி பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் வருவதும் அதனால்தான். அவள் வயதுப் பெண்கள் பலர் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

பால் என்பது நேரத்தோடு நடக்கிற காரியம். விடியுமுன் கறந்து, பசறை வீதியில் வாஹித்தின் பால் வாகனம் வந்து நிற்கும் திருப்பத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். வாஹித் மூடியைத் திறந்து முகர்வான். பிறகு ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்ப்பான். தேறினால் தாங்கிக்குள் ஊற்றுவான். லயத்திலிருந்து அந்தத் திருப்பத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, பக்டரி ரோடு. லொறி போவதற்காக மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குவது. மற்றது, குறுக்கு. தேயிலை மலைக்குள் இறங்கி, பழைய துரை பங்களாவின் பின்வேலியை ஒட்டி நடந்து, கல் படிகளில் இறங்கினால் வீதி. தோட்டத்தில் யாரும் குறுக்கை வழி என்றோ பாதை என்றோ தனியாக நினைத்ததில்லை. மழைக்காலத்தில் அட்டை கடிப்பதும் அங்கேதான், பிரசவ வலி வந்தவளைக் கம்பளியில் வைத்துத் தூக்கியதும் அங்கேதான், செத்தவர்களைக் கொண்டுபோனதும் அங்கேதான்.

சுற்றுலா ஊரான எல்லவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே கூட்டம் அதிகமாகிவிட்டதாம். அமைதியான இடம் தேடுகிறார்களாம். யாரோ ஒரு கம்பெனி பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளையடித்து, கதவுகளுக்குப் பித்தளைப் பிடி போட்டு, ஹோட்டலாக்கியது. லயத்துப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. பெரியாயியும் சந்தோஷப்பட்டாள். ஒரு நாள் காலை பால்வாளியோடு இறங்கி வந்தவளுக்கு முன்னால், குறுக்கின் குறுக்கே ஒரு இரும்புக் கேட் நின்றது. கேட்டுக்கு அந்தப்பக்கம் நீலச் சீருடையில் ரமேஸ் நின்றான். லயத்தில் அவளுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"தொற ரமேசு, வாகனம் வந்துரும்."

"தொறக்க முடியாதுக்கா."

"ஏன், சாவி தொலஞ்சிருச்சா?"

"சாவி இந்தா இடுப்புலதான் இருக்கு. தொறக்கக் கூடாதுன்னு மனேஜர் சொல்லிட்டாரு. வெள்ளக்காரங்க தூங்குற நேரத்துல வாளிச் சத்தம் கேக்குதாம்."

"அவுங்க தூங்குறதுக்கு எம் பாலு திரிஞ்சு போகணுமா?"

"கத்தாதீங்கக்கா. எனக்கு இருக்கிற வேலையும் போயிரும்."

"நான் எங்கடா கத்துனேன்? வாளிதான் கத்துது."

ரமேஸ் சிரித்துவிட்டான். சிரித்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட் திறக்கவில்லை.

அன்று மலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வீதியில் வாகனத்தின் சுவடு மட்டும் இருந்தது. அடுத்த நாட்களில் வாஹித் முடிந்த மட்டும் காத்திருந்து பார்த்தான். அவனுக்கும் மேலே வேறு திருப்பங்கள், வேறு வாளிகள். பெரியாயி ஓட்டமும் நடையுமாக வந்து வாளியை நீட்டினால், வெயிலேறிய பாலை முகர்ந்துவிட்டு மூடியை மூடுவான்.

"அக்கா, இத நான் தாங்கிக்குள்ள ஊத்தினா மத்தவங்க பாலும் கெட்டுப் போகும். மனசுல வச்சிக்காதீங்க."

லயம் முழுக்க அந்த நாட்களில் தயிர்ச்சோறுதான். "பெரியாயி புண்ணியத்துல புள்ளைங்க குண்டாகுதுங்க" என்று அடுத்த வீட்டுக்காரி கேலி செய்தாள். பெரியாயியும் கூடச் சிரித்தாள். ஆனால் கொட்டகைக்குப் போய்ச் செவலையின் முதுகைத் தடவும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். பால் போய்ச் சேராவிட்டால் பசுவை வைத்திருக்க முடியாது. பசு போனால் சுபாஜினியின் படிப்பு போகும். படிப்பு போனால் அவளும் கொழும்புக்குத்தான். சுபாஜினியே ஒரு நாள் அதைச் சொல்லிவிட்டாள்: "எனக்கும் ஒரு வீடு பார்க்கச் சொல்லும்மா." 

பெரியாயியின் அண்ணன் தம்பையாதான் கோயில் தலைவர். பெரிய மீசையும், அதைவிடப் பெரிய மரியாதையும் உள்ள மனுஷன். நியாயம் கேட்கப் போக வேண்டும் என்று எல்லோரும் சொன்னபோது, அவருக்குத் தெரிந்த முறைப்படியே போனார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், மாலை எல்லாம் வைத்த தட்டு. அந்தத் தட்டு அந்தத் தோட்டத்துக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் அம்மன் திருவிழாவுக்கு முன்பு கோயில் தலைவர் அதைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போவார். துரை வெளியே வந்து தட்டைத் தொட்டுக் கொடுப்பார். சாமி குறுக்கு வழியாக வந்து பங்களா முற்றத்துக்குள் ஏறும். துரைக்கு முதல் விபூதி. வெள்ளைத் துரை போய் நம்மூர்த் துரை வந்த பிறகும் அது மாறவில்லை. ஹோட்டல் மனேஜர் தட்டைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். தம்பையாவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஒரு பழத்தையும் உரித்துச் சாப்பிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

கேட் அப்படியே இருந்தது. ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போன பிள்ளைகளின் தாய்மார்கள் கூடி அதைத் தள்ளினார்கள். ஒரு பக்கத்துக் கீல் வளைந்தது. ஹோட்டல்காரர்கள் தள்ள வந்தார்கள். கைகலப்பாகும் நேரத்தில் பொலிஸ் வந்தது. இரண்டு தரப்பையும் சமாதானமாக இருக்கச் சொன்னது. விஷயத்தைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனது. கோர்ட் என்றதும் கூட்டத்தில் பாதி கரைந்தது. தம்பையா, "கோர்ட்டு எல்லாம் அவுங்களுக்கு, நமக்கு அம்மா இருக்கா" என்று கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார்.

சுபாஜினிதான் தாயைப் பதுளைக்கு இழுத்துப் போனாள். ஏழைகளுக்குக் கட்டணமில்லாமல் வழக்குப் பேசும் அலுவலகம் அங்கே இருப்பது அவளுக்குக் கல்லூரியில் தெரியவந்திருந்தது. உள்ளே, மேசைக்குப் பின்னால் நூருல் இனாயா என்ற சட்டத்தரணி உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறப் பர்தா, கையில் ஆறிப்போன தேநீர். பதுளைக் கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்கிறவரின் மகள். பெரியாயி சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே போனாள். தட்டுக் கதை வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்தாள்.

"ஐயோ அம்மா! தட்டும் கொண்டு போனீங்களா?"

"பின்ன? பெரிய மனுசரு வீட்டுக்கு வெறுங்கையோடயா போறது மிஸ்?"

"படமும் எடுத்தாங்களா?"

"எங்க அண்ணன் மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கிறாரு படத்துல."

இனாயாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே நிறுத்திக்கொண்டு, நாற்காலியை முன்னுக்கு இழுத்து, பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஒருவருடைய நிலத்தில் அவரைக் கேட்டு, அவர் சொல்லி நடந்தால், அது அவர் தருகிற சலுகை. வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். ஆனால் யாரிடமும் கேட்காமல், ஒளிக்காமல், சண்டை பிடிக்காமல், எல்லோரும் பார்க்க நெடுங்காலம் நடந்தால், அந்த நடையே ஒரு உரிமையாகிவிடும்.

"நீங்க தட்டு கொண்டு போனத வச்சி, இவங்க வருஷம் வருஷம் உத்தரவு கேட்டு நடந்தவங்கன்னு அவங்கட ஆள் சொல்லுவார். அதுதான் எங்களுக்குப் பலவீனமான இடம்."

பெரியாயி தட்டுக் கதையை அதோடு விட்டுவிட்டாள். அவள் மனம் அதற்கு முந்திய வார்த்தையிலேயே நின்றுவிட்டது.

"இருங்க மிஸ். நடந்து நடந்தே ஒண்ணு நமக்குச் சொந்தமாகுமா?"

"ஆகும். பாதையில போற உரிமை."

"எங்க அம்மா நடந்தது, எங்க பாட்டன் முப்பாட்டன் நடந்தது எல்லாம் அதுல சேருமா?"

"எல்லாம் சேரும்மா."

பெரியாயி சுபாஜினியைப் பார்த்தாள். கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர்கள், குடித்துவிட்டுத் தள்ளாடி ஏறியவர்கள் என அவள் அறிந்த ஒவ்வொருவரும் தமக்கே தெரியாமல் எதையோ சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காணி இல்லை, உறுதிப் பத்திரம் இல்லை, ஒரு காலத்தில் நாடும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் சேர்த்து வைத்ததையும் எங்கேயோ ஒரு சட்டப் புத்தகம் எண்ணி வைத்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பசறை தாண்டியதும் சுபாஜினி கேட்டாள், "என்னம்மா, பயமா?" பெரியாயி, "இல்லடி, சும்மா இரு" என்றாள். கோயில் கர்ப்பக்கிரகத்தின் முன்னால் நிற்கும்போது வருகிற ஒரு அடக்கம் அவளுக்கு அன்று பஸ் இருக்கையில் வந்திருந்தது.

இனாயா தயாரித்த மனுவில் கேட்டது சின்னக் காரியம். இந்தப் பாதையில் யாருக்கு நிரந்தர உரிமை என்பதைப் பெரிய வழக்கில் பிறகு பார்க்கலாம். அதுவரைக்கும், நடந்துகொண்டிருந்தவர்களை யாரும் தன்னிஷ்டப்படி தடுக்கக் கூடாது. நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக்கடதாசியில் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் வாசித்து, "இது சரியா, இது சரியா" என்று கேட்ட பிறகுதான் கையொப்பம் வாங்கினாள். தட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்று தம்பையா சொல்லி அனுப்பியிருந்தார். இனாயா மறுத்துவிட்டாள். "கேட்டா உள்ளதச் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

வழக்கின் முதல் தவணைக்குப் போனபோது பெரியாயி நீதிமன்ற வாசலில் செருப்பைக் கழற்றினாள். இனாயா திரும்பி வந்து, "போட்டுக்கிட்டு வாங்கம்மா, எல்லாரும் போட்டுக்கிட்டுத்தானே போறாங்க" என்றாள். தோட்டத்து அலுவலகத்துக்குள் செருப்போடு போனதாக பெரியாயிக்கு ஞாபகமே இல்லை. உள்ளே ஹோட்டல் மனேஜரும் நின்றார். அவரும் அவளைப் போலவே எழுந்து நின்று, அவளைப் போலவே நீதவானுக்குத் தலை குனிந்தார். அவருக்கென்று உட்காரத் தனி வாங்கு இல்லை. இதை அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது லயத்தில் யாரும் நம்பவில்லை.

கம்பெனியின் சட்டத்தரணி படங்களை நீட்டினார். தம்பையாவின் மீசை நீதவானின் மேசை வரைக்கும் போய்வந்தது. நீதவான் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, அந்த இடத்தை நேரில் வந்து பார்ப்பதாகச் சிங்களத்தில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னதும் பெரியாயி இனாயாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஜட்ஜ் ஐயா நம்ம குறுக்குக்கு வர்றாரா?"

வந்தார். மூடுபனியும் தூறலுமாக இருந்த ஒரு காலை. குடையைத் தானே பிடித்துக்கொண்டு, சப்பாத்தில் சேறு அப்ப, பதிவாளரும் மொழிபெயர்ப்பாளரும் இரண்டு சட்டத்தரணிகளும் பின்னால் வர, தேயிலைக்கு நடுவே இறங்கி வந்தார். லயத்து சனம் வரப்பில் நின்றது.  பெரியாயிக்கு அவர் வந்தது விளங்கவே இல்லை. அவள் அறிந்த மட்டில் கோர்ட் என்பது மனுஷர் போகிற இடம். அது எழுந்து மலையேறி வரும் என்று யாரும் சொன்னதில்லை.

அப்போதுதான் இனாயா பார்த்தாள். தம்பையா வேட்டி மடிப்போடு, மாலை வெற்றிலை பழத்தோடு, தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"மாமா, கெஞ்சிக் கேக்கிறேன், அதக் கொண்டு போய் கோயில்ல வைங்க!"

"அவ்ளோ பெரிய மனுசரு மலையேறி வர்றாரு. வெறுங்கையோட நிக்கச் சொல்றியா தாயி?"

"மாமா!"

தம்பையா தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வாழைப்பழச் சீப்பு இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. கம்பெனியின் சட்டத்தரணி அதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். கனம் நீதவான் அவர்களே, நாங்கள் சொன்ன தட்டு இதுதான், உத்தரவு கேட்க இவர்கள் கொண்டு வருவது இதைத்தான், இன்றைக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார். நீதவான் தம்பையாவைப் பார்த்தார்.

"இல்லைங்க சாமி... இது வந்து... கோயிலுக்குங்க. எனக்கு அது எதும் தெரியாதுங்க." தம்பையாவின் மீசை நனைந்து தொங்கியது.

நீதவான் மனுதாரர் யார் என்று கேட்டார். பெரியாயி முன்னால் வந்தாள். மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "நீங்கள் துரைக்குத் தட்டு கொண்டு போவதுண்டா?"

அண்ணன் அவளைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லி முடித்துவிட்டால் பாதை தப்பிவிடும் என்று அவர் கண் சொன்னது. பெரியாயிக்கும் அப்படித்தான் தோன்றியது. செவலையும் சுபாஜினியும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கினார்கள். ஆனால் இத்தனை தூரம் சேற்றில் நடந்து, உண்மை என்னவென்று தன்னைக் கேட்க வந்த ஒருவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கொண்டு போவோங்க. திருவிழாவுக்கு வருசா வருசம். இந்தக் கேட்டு வந்த பொறகும் எங்கண்ணன் கொண்டு போனாரு."

இனாயா கண்ணை மூடிக்கொண்டாள். கம்பெனியின் சட்டத்தரணி தன் வழக்குக் கோவையில் ஏதோ குறித்தார்.

"இன்றைக்கு இந்தத் தட்டு யாருக்கு?"

"ஐயாவுக்குத்தாங்க."

"நான் இந்த நிலத்துச் சொந்தக்காரன் இல்லையே. என்னிடமும் உத்தரவு கேட்கிறீர்களா?"

"இல்லைங்க. நம்ம எடத்துக்குப் பெரியவங்க வந்தா வெறுங்கையோட நிக்க மாட்டோம். அதுதாங்க."

நீதவான் குடையை மறு கைக்கு மாற்றினார். தூறல் குடையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடி கேட்டார்.

"மற்ற நாட்களில்? பால் கொண்டு போகும்போது யாரிடம் கேட்டுவிட்டுப் போவீர்கள்?"

பெரியாயிக்குக் கேள்வியே புரியவில்லை. மொழிபெயர்ப்பாளரைத் திரும்பவும் கேட்கச் சொன்னாள். அவர் திரும்பக் கேட்டார்.

"யாரையும் கேக்கறதில்லைங்க. பாதைதானே?"

வரப்பில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். நீதவான் சிரிக்கவில்லை. கேட்டைத் திறக்கச் சொல்லி, படிகளில் இறங்கினார். ஒவ்வொரு கல்லின் நடுவும் கிண்ணம் போலத் தேய்ந்து, மழைநீர் தேங்கி நின்றது. வழுக்கலில் அவர் ஒரு முறை தடுமாறினார். பெரியாயி தன்னையறியாமல், "ஓரமா கால வைங்க, அங்கதான் புடி இருக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்குள் நீதவான் ஓரமாகக் காலை வைத்திருந்தார்.

திரும்பி ஏறி வந்தவர், கேட்டில் நின்ற ரமேஸிடம் அவன் வீடு எங்கே என்று கேட்டார். மேலே லயத்தில் என்றான் அவன். இன்றைக்கு வேலைக்கு எந்த வழியாக வந்தாய்? ரமேஸ் மனேஜரைப் பார்த்தான், தன் இடுப்புச் சாவியைப் பார்த்தான். "இந்த வழியாத்தான் சேர்." உன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போகிறார்கள்? அவன் தரையைப் பார்த்தான். "அவுங்க... சுத்தித்தான் சேர்."

நீதவான் தட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. தம்பையாவுக்குக் கைகூப்பிவிட்டு, வந்த வழியே ஏறிப் போனார். "கெடுத்துட்டியே புள்ள" என்று தம்பையா படியில் உட்கார்ந்துவிட்டார். இனாயா பெரியாயியின் தோளில் கையை வைத்து ஒரு தரம் அழுத்திவிட்டு வாகனத்தில் ஏறினாள்.

தீர்ப்புக்கு முந்திய வாரம் பெரியாயி செவலைக்கு விலை கேட்டு வந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள். "இன்னொரு நாள் வாங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இல்லை.

கட்டளை வாசிக்கப்பட்ட அன்று, நீதவானின் குரல் பஸ் நேரம் அறிவிக்கிறவரின் குரல் போல ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. யாரையும் திட்டவில்லை, யாரையும் புகழவில்லை. மொழிபெயர்ப்பாளர் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார். பிணக்கு எழுந்தபோது தோட்டத்து மக்கள் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். திருவிழா நாளில் வீட்டுக்காரரை மரியாதைக்கு அழைப்பது வேறு, அன்றாடம் நடப்பது வேறு. அன்றாடம் நடந்தது யாருடைய உத்தரவிலும் இல்லை. உரிய நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்க்கும் வரை கேட் திறந்திருக்க வேண்டும்; யாரும் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான். கோவையை மூடி, அடுத்த வழக்கை அழைத்தார்கள். அடுத்தது யாரோ ஒருவரின் வாழைத் தோட்டத்து வேலித் தகராறு.

பெரியாயி அசையவில்லை. வேறு யாரோ வந்து அவள் இடத்தில் நிற்க வேண்டியிருந்ததால் சுபாஜினி அவளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். வாசலில் வந்ததும், நீதவானின் அறை இருக்கும் திசையை நோக்கி அவள் கையெடுத்துக் கும்பிட்டு, முழங்காலை மடக்கப் போனாள். இனாயா இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம்மா. அவர் ஒண்ணும் தரல்ல. உங்கட கையில இருந்தத பறிக்கக் கூடாதுன்னு சொன்னார், அவ்வளவுதான்."

"மேசையில அடிக்கக் கூட இல்லையே மிஸ். சத்தமே போடலையே." பெரியாயியின் கண்கள் விரிந்திருந்தன. "தொரைமாரு ஒரு கதவத் தொறக்கச் சொன்னாலும் அந்த மல அதிரும்."

கம்பெனி பெரிய நீதிமன்றத்துக்குப் போகும், வழக்கு இழுபடலாம் என்று இனாயா எச்சரித்தாள். பெரியாயி கேட்டுக்கொண்டாள். ஆனால் இழுபடுகிற காலம் முழுவதும் பாதை திறந்திருக்கும் என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது. காத்திருக்க வேண்டியவள் இந்தத் தடவை அவள் இல்லை.

நீதிமன்ற உத்தியோகத்தர் கட்டளையோடு வந்து, இரண்டு பொலிஸார் பார்த்து நிற்க, ரமேஸ்தான் பூட்டைக் கழற்றினான். தம்பையா தேங்காய் உடைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கடைசியில் கோயிலிலேயே உடைத்தார்.

மறுநாள் பால் கறந்துவிட்டு பெரியாயி குறுக்கில் இறங்கினாள். இரும்புக் கதவுகள் இரண்டும் வேலியோடு சாய்ந்து நின்றன. ரமேஸ் ஒதுங்கி நின்று, "போங்கக்கா" என்றான். பங்களாவின் மேல்மாடியில் ஒரு வெளிநாட்டுக்காரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளிச் சத்தம் கேட்டுக் கீழே பார்த்துக் கையசைத்தாள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அவளைத் தாண்டி ஓடினார்கள். ஒருத்தரும் கேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே எதுவுமே நடக்காதது போல ஓடினார்கள்.

வாஹித் மூடியைத் திறந்து முகர்ந்தான். குழலை மிதக்கவிட்டான்.

"அருமையான பால். என்னா அக்கா, நேரத்தோட வந்துட்டீங்க? கேட்ட தொறந்துட்டாங்களா?"

"தொறந்துட்டாங்க."

"யாரு, மனேஜரா?"

"இல்ல தம்பி."

"யூனியன்காரங்களா?"

"அவுங்களும் இல்ல."

"அப்ப எந்தப் பெரிய கையி?"

பெரியாயி யோசித்தாள். அந்த நீதவான் இந்நேரம் வேறு யாருடைய வேலியையோ பார்த்துக்கொண்டிருப்பார்; இந்தப் பால் அவருக்கு ஞாபகமும் இருக்காது. இனாயா வேறு கோவையைத் திறந்திருப்பாள். கையென்று காட்ட ஒரு ஆள் இல்லை. யாருடைய கையும் இல்லாமலே அவ்வளவு பெரிய இரும்பு விலகி நிற்கிறது. அவள் வாஹித்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"பேரு சொல்ற மாதிரி ஆளு இல்ல தம்பி அது."

வாஹித்துக்கு விளங்கவில்லை. தாங்கியின் மூடியை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"சரி, நாளைக்கும் நேரத்தோட வருவீங்கதானே? இல்லாட்டி நான் மேல போயிருவேன்."

எதைக் கேட்டாலும் பார்ப்போம் என்றோ, சாமி விட்ட வழி என்றோ சொல்லிப் பழகியவள் பெரியாயி. தோட்டத்தில் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள். நாளை என்பது அவர்கள் கையில் இருந்ததில்லை.

"வருவேன்" என்றாள்.